பாதர் வேலைக்குக் கூப்பிடுகிறார், கதைக்கக் கூப்பிடுவதில்லை

வாசகி ஒருவரின் கடிதம் இது. நீளமாக இருந்ததால் சுருக்கியிருக்கிறேன். பெயர், பங்கு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாம் எடுக்கப்பட்டுள்ளன.

"எனக்கு 54 வயது. மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கரையோரக் கத்தோலிக்கப் பங்கு. அரச பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியாளரும் நான்தான். புதிய பாதர் வந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை எங்களை இருத்தி ஒரு கூட்டம் வைக்கவில்லை. எல்லாம் வட்ஸ்அப்பில்தான். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு 'நாளைக்கு வாசகம் நீங்கள்' என்று வரும். நாங்கள் ஏதும் கேட்டால் நீல டிக் விழும், பதில் வராது. அவரைச் சுற்றி மூன்று பேர். அவர்களைப் பிடித்தால்தான் பங்கில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

போன தவக்காலத்தில் ஒரு முதல் வெள்ளி, வழமைபோல ஒரு அம்மம்மாவுக்கு நற்கருணை கொண்டுபோனேன். படலை திறந்து கிடந்தது. முற்றத்தில் வாடகைக் கதிரைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அவ செத்து, அடக்கமும் முடிந்து நாலு நாள். அடக்கப் பூசை வைத்தது எங்கள் பாதர்தான். நான் மகளின் பிரசவத்துக்குக் கொழும்பு போய் முதல் நாள் இரவுதான் வந்திருந்தேன். ஒரு வரி போட்டிருக்கலாம்தானே? கையில் நற்கருணைச் சிமிழோடு அந்த முற்றத்தில் நின்றதை நினைத்தால் இப்பவும் நித்திரை வருகுதில்லை. மறுகா, திருவிழா முடிவில் எல்லாருக்கும் நன்றி சொன்னார். பந்தல் போட்டவர், லைட் கட்டினவர், பேண்ட் வாத்தியம் எல்லாம் வந்தது. மறைக்கல்வி ஆசிரியர்கள் என்ற சொல்லே வரவில்லை. பெற்றோலுக்கு ஒருநாளும் ஒரு சதம் கேட்டதில்லை நான்.

'விட்டிட்டு வீட்ட இரு' என்கிறார் என் கணவர். ஆயருக்கு மொட்டைக் கடிதம் போடுவோம் என்கிறார்கள் வேறு சிலர். விலகினால் அது கடவுளுக்குச் செய்யும் துரோகமா? இருப்பதென்றால் எப்படி இருப்பது?"

அன்புச் சகோதரிக்கு,

முழுக் கடிதத்தில் திருவிழா நன்றியுரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அந்த முற்றத்துக்குச் சில வரிகள்தான். ஆனால் நித்திரையைக் கெடுப்பது முற்றம் என்று நீங்களே எழுதியிருப்பதால் முதலில் அதை எடுப்போம்.

பங்கில் ஒரு நோயாளி இறக்கிறார். பங்குத்தந்தைக்குத் தெரியும், அடக்கம் செய்தவரே அவர்தான். மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போகிறவருக்குத் தெரியாது. பாதர் உங்களை வெறுத்தார், வேண்டுமென்றே மறைத்தார் என்று எண்ண இதில் எதுவும் இல்லை. அவர் வெறுத்திருந்தால்கூட உங்கள் நினைவு அவருக்கு வந்திருக்கும். "இந்த வீட்டுக்கு டீச்சர் போகிறவ, அவவுக்குச் சொல்ல வேணும்" என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. உங்களைக் குத்தியது அதுதான். இத்தனை வருடம் செய்த பணி, அதைப் பொறுப்பேற்று நடத்த வேண்டியவரின் கண்ணில் படவேயில்லை.

கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அப்படியே இன்னொன்றையும் கேட்கிறேன், குறை நினைக்காதீர்கள். நீங்கள் கொழும்பில் இருந்த நாட்களில் நோயாளிகளின் பட்டியல் யாரிடம் இருந்தது? கடிதத்தைப் பார்த்தால் அது உங்கள் கைப்பையிலும் ஞாபகத்திலும் மட்டும்தான் இருந்ததாகத் தெரிகிறது. அடக்கப் பதிவேடு பங்குமனையில், நோயாளர் பட்டியல் உங்கள் வீட்டில், நடுவில் ஒரு தொடர்பும் இல்லை. அந்தத் தொடர்பை ஏற்படுத்துவது பங்குத்தந்தையின் பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 529ஆம் இலக்கம் நோயாளிகளை, அதிலும் இறக்கும் நிலையில் உள்ளவர்களைக் கரிசனையோடு பார்க்க வேண்டியவர் அவரே என்கிறது. நீங்கள் அவருக்கு உதவப் போகிறவர். ஆனாலும் அடுத்த தடவை அப்படி ஒரு முற்றத்தில் நிற்காமல் இருக்க வேண்டுமானால், பட்டியல் உங்கள் ஒருவர் கையை விட்டு வெளியே வர வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

வேலை செய்து செய்து மனம் வெறுத்துப் போவதைப் பல காலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக். வேலைச் சுமை, வேலையில் நமக்குள்ள சொல்லுரிமை, கிடைக்கிற மதிப்பு, கூட வேலை செய்கிறவர்களோடு உள்ள உறவு, நியாயம், நாம் பெரிதாக நினைக்கும் விழுமியங்கள் என்று ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார் அவர். நம் ஊரில் முதலாவதை மட்டும்தான் பார்ப்பார்கள். யாராவது சோர்ந்துபோய் இருந்தால் "வேலையைக் கொஞ்சம் குறையுங்கோ" என்பார்கள். உங்கள் கடிதத்தில் சுமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சொல்லுரிமை இல்லை, மதிப்பு இல்லை, மூன்று பேர் உள்ளே மற்றவர்கள் வெளியே, நியாயம் இல்லை என்று நடுவில் உள்ள நான்கும்தான் இருக்கிறது. ஆறாவது மட்டும் அசையவில்லை. அந்த அம்மம்மாவின் வீட்டுக்குப் போவது பெறுமதியான காரியம் என்ற நம்பிக்கை உங்களுக்கு அப்படியே இருக்கிறது. விலகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நீங்கள் தவிப்பது இதனால்தான். நம்பிக்கையும் போயிருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், எப்போதோ விலகியிருப்பீர்கள்.

ஆகவே உங்கள் கணவர் சொல்வதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். நீங்கள் இரவில் புரண்டு படுப்பதைப் பார்க்கிற மனிதர் அவர். ஆனால் வீட்டில் இருந்தால் அந்த நான்கில் எதுவும் சரியாகாது, வீணாக ஆறாவதையும் இழப்பீர்கள். இப்போதைக்கு அந்த யோசனையை ஒரு பக்கம் வைப்போம்.

துரோகமா என்று கேட்டீர்கள். இல்லை. பொதுநிலையினரின் பணி விருப்பத்தோடு ஏற்பது, விருப்பத்தோடு திருப்பிக் கொடுக்கக்கூடியது. நற்கருணைப் பணியாளராக உங்களை நியமித்தது ஆயரின் அனுமதி. உங்கள் திருமுழுக்கு அதற்கு வெகுகாலம் முந்தியது, அந்த அனுமதி போனாலும் அது போகாது. பங்கு நடத்தும் முறையோடு உங்களுக்கு இருக்கும் சண்டையைக் கடவுளோடு இருக்கும் சண்டையாக மாற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டையும் குழப்பிவிடுவது நம்மிடம் பழக்கமாகவே இருக்கிறது. கோயில் நிர்வாகம் கூட்டம் வைக்கவில்லை என்று யாராவது குறை சொன்னால் உடனே "நாங்கள் மனிசருக்கா செய்யிறம், ஆண்டவருக்குத்தானே" என்று ஒருவர் வாயை அடைத்துவிடுவார். ஆண்டவருக்குத்தான் செய்கிறோம். அதற்காகச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாசகம் கொடுக்க வேண்டும் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லையே.

நான் உளவளத்துணையாளர், இறையியல் படித்தவன் அல்ல. ஆனால் கோயில் தொண்டர்களோடு வேலை செய்வதால் திருச்சபைச் சட்டத்தின் சில பக்கங்கள் பழகிவிட்டன. உங்களுக்குப் பயன்படக்கூடிய மூன்று இலக்கங்களைச் சொல்கிறேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 212ஆம் இலக்கம், திருச்சபையின் நன்மைக்கான விடயங்களில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. மரியாதை குறையாமல் சொல்ல வேண்டும் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. 780ஆம் இலக்கம், மறைக்கல்வி ஆசிரியர்களுக்குத் தகுந்த ஆயத்தமும் தொடர்ச்சியான பயிற்சியும் கிடைக்கச் செய்வது ஆயரின் பொறுப்பு என்கிறது. 529இன் இரண்டாம் பகுதி, பங்கின் பணியில் பொதுநிலையினருக்கு உரிய பங்கைப் பங்குத்தந்தை ஏற்றுக்கொண்டு வளர்க்க வேண்டும் என்கிறது. ஆகவே கூட்டம் கேட்பதும், பயிற்சி கேட்பதும், தகவல் கேட்பதும் சலுகை கேட்பதாகாது. இந்த இலக்கங்களைப் பாதரின் முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லவில்லை, அப்படிச் செய்தால் காரியம் கெட்டுவிடும். கதைக்கப் போகும்போது உங்கள் மனதில் கிடந்தால் போதும். கெஞ்சுகிற குரல் வராது.

இதையும் மனதில் வையுங்கள். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கீசரைத் துரத்தி, கத்தோலிக்கக் குருக்கள் யாரும் இங்கே இருக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகள் என்ற குரு வேடம் மாறி வந்து இறங்கும்வரை ஏறக்குறைய 30 வருடம் குருவானவரே இல்லாமல் இந்த நாட்டில் செபம் நின்றுபோகவில்லை. வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்களும் சாகிறவர்களின் பக்கத்தில் இருந்தவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான். யோசவ்வாஸ் அடிகளும் பிறகு ஊர் ஊராக அண்ணாவிமார், மூப்பர் என்ற பொதுநிலைத் தலைவர்களை நம்பித்தான் வேலை செய்தார். போர்க்காலத்தில் பாதை பூட்டிக் கிடந்தபோது உங்கள் பக்கத்தில் யார் செபமாலை சொல்லுவித்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கோயில் வாசல்களில் நின்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தவர்களும் பங்குப் பொடியன்கள்தான். அவர்களில் எத்தனை பேருக்கு யார் நன்றி சொன்னார்களோ! குருவானவருக்கு நேரமில்லாததைச் செய்து கொடுக்கிற எடுபிடிகளாகப் பொதுநிலையினரை நினைப்பது இந்த வரலாற்றை மறந்த நினைப்பு. அப்படி நினைக்கும் பாதர்மாரும் உண்டு, தங்களைத் தாங்களே அப்படி நினைத்துக்கொள்ளும் தொண்டர்களும் உண்டு.

சரி, இப்போது பாதரின் பக்கம். உங்கள் பாதரை எனக்குத் தெரியாது. ஆனால் மட்டக்களப்பு மறைமாவட்டம் மட்டக்களப்பு, அம்பாறை என்ற இரண்டு மாவட்டங்களைப் பார்க்க வேண்டியது. ஒரே குருவானவர் தாய்க்கோயிலையும் கிளைக்கோயில்களையும் சேர்த்து ஓடுவார். ஞாயிறு காலை ஒன்று முடிந்து மோட்டார் சைக்கிளை உதைத்து அடுத்ததுக்குப் போக வேண்டும். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் வருடக்கணக்காகப் படிக்கிறார்கள். தன் தாயின் வயதுள்ள ஒரு டீச்சரோடு கூட்டம் நடத்தப் பழகுவது வேறு விடயம். உங்களுக்கு 54, ஓய்வுக்குக் கிட்டிய ஆசிரியை. புதிதாக வந்த ஓர் இளம் குரு உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் கண்டிருக்கிறேன். முதல் மாதத்தில் யாராவது நாலு தரம் "முந்தின பாதர் இப்பிடித்தான் செய்தவர்" என்று சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு கூட்டம் வைக்க அவருக்குக் கால் வராது. கேள்வி கேட்காத மூன்று பேரோடு ஒதுங்குவது சுகமாக இருக்கும். இது அவர் செய்வதை நியாயப்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. நீங்கள் கதைக்கப் போவது எப்படிப்பட்ட மனிதரோடு என்று தெரிந்தால் கதையைத் தொடங்குவது சுலபம், அதற்காகச் சொன்னேன்.

எப்படிக் கதைப்பது? பூசை முடிந்து அவர் உடை மாற்றிக்கொண்டு அடுத்த கோயிலுக்கு ஓடும் நேரத்தில் வாசலில் மறிக்காதீர்கள். திருவிழாக் காலமும் வேண்டாம், ஆயித்தியமலை யாத்திரை நேரமும் வேண்டாம். கிழமை நாள் ஒன்றில் அரை மணி நேரம் தரச் சொல்லிக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் எழுதாமல் போன் எடுத்துக் கேளுங்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், அதிகம் போனால் இரண்டு பேர். பத்துப் பேர் திரண்டு போனால் அவருக்கு அது ஊர்வலமாகத்தான் தெரியும்.

கையில் ஒரு தாள். அதில் மூன்று கோரிக்கைகள் மட்டும். முதலாவது, பங்குமனையில் நோயாளர் கொப்பி ஒன்று. பெயர், வீடு, யார் போகிறார், கடைசியாகப் போன நாள். நீங்களும் எழுதலாம், பாதரும் எழுதலாம். பட்டியலில் உள்ள ஒருவர் இறந்தால் அங்கே போகிறவருக்கு அன்றைக்கே ஒரு போன். இரண்டாவது, மாதத்தில் ஒருநாள் ஒரு மணி நேரக் கூட்டம், நாள் முன்கூட்டியே குறித்தது. மூன்றாவது, வாசகப் பட்டியல் மாதத்துக்கு ஒருதரம். மூன்றும் காசு செலவில்லாதவை, மூன்றும் நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடியவை. "எங்களைக் கொஞ்சம் மதிக்க வேணும் பாதர்" என்று கேட்டால் அவர் "மதிக்கிறேன்தானே" என்பார். அதற்குமேல் நீங்கள் என்ன சொல்ல முடியும்? கொப்பி வேண்டும் என்று கேட்டால் கொப்பி வந்ததா இல்லையா என்பது அடுத்த கிழமையே தெரிந்துவிடும்.

கதைக்கும்போது ஒரு வசனத்தை மட்டும் தயவுசெய்து வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்: "சனம் கதைக்குது பாதர்." நம் பக்கத்தில் குறை சொல்லப் போகிற எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். தன் மனவருத்தத்தைத் தன் பெயரில் சொல்லக் கூச்சம், அதனால் சனத்தின் தலையில் போட்டுவிடுவது. கேட்கிறவருக்கு அது மிரட்டலாகத்தான் விழும். எந்தச் சனம், யார் சொன்னது என்று அவர் மனம் ஆட்களைத் தேடத் தொடங்கும், சொல்ல வந்த விடயம் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாதர், அந்த அம்மம்மா செத்தது தெரியாமல் நற்கருணையோடு போய் நின்றேன். எனக்குச் சரியான மனவருத்தம். இனி எனக்கோ வேறு யாருக்குமோ அப்படி நடக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கொப்பி." இது குற்றச்சாட்டே இல்லை, ஆனால் எல்லாம் இதில் இருக்கிறது. சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், வகுப்பறைப் பழக்கத்தில் இடையில் புகுந்து விளக்கம் சொல்லத் தோன்றும். வேண்டாம்.

திருவிழா நன்றியுரையை இதோடு கலக்காதீர்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால் இன்னொரு நாள், ஒரே தடவை, "ஆசிரியர்களின் பெயர் வராதது எனக்குக் கவலை" என்று சொல்லி முடியுங்கள். மூன்று கோரிக்கைகளோடு சேர்த்துச் சொன்னால், "டீச்சருக்கு நன்றி சொல்லவில்லை என்று கோபம்" என்ற ஒற்றை வரியாகத்தான் அது அந்த மூன்று பேர் வழியாக ஊருக்குப் போகும்.

"எனக்கு நேரமில்லை" என்று அவர் சொன்னால் நல்லது, அது உண்மையாகவும் இருக்கலாம். "அப்ப நாங்கள் யாரைக் கேட்கிறது பாதர்?" என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொல்ல வைப்பதுதான் நோக்கம். அது அந்த மூவரில் ஒருவராக இருந்தாலும் பரவாயில்லை. இதுவரை அவர்கள் பெயரில்லாத அதிகாரத்தோடு இருந்தார்கள், இனி பொறுப்போடு இருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் "இன்று கதைத்த விடயங்கள் இவை, மிக்க நன்றி பாதர்" என்று சுருக்கமாக ஒரு செய்தி போடுங்கள். நீல டிக் விழுந்தால் போதும், அது பதிவாக இருக்கும்.

இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். ஒன்றும் அசையவில்லையென்றால் பங்குச் சபை. அதற்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான் உண்டு, பாதரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கூட்டக் குறிப்பில் ஏறிய விடயம் பங்கில் இல்லாதது ஆகிவிடாது. சபையே கூடுவதில்லை என்றால் அதுவும் ஒரு முறைப்பாடுதான். 2024 ஒக்டோபரில் உரோமையில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், இப்படிப்பட்ட சபைகள் கட்டாயமாக இயங்க வேண்டும் என்றும், பொறுப்பில் இருப்பவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியிருக்கிறது. அதன் பிறகுதான் குருமுதல்வரும் (ஆயருக்கு அடுத்த பொறுப்பில் உள்ள குரு) ஆயரும். 2012 வரை ஆயர் இல்லம் திருகோணமலையில். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமான பிறகு உங்களுக்கு அது ஒரு பஸ் தூரம்தான்.

ஆனால் மொட்டைக் கடிதம் மட்டும் வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இந்த நாட்டில் அதிபர், கிராம சேவகர், பிரதேச செயலாளர் என்று யாரைப் பிடிக்காவிட்டாலும் மொட்டைக் கடிதம்தான். எழுதுகிறவர்களுக்கு அன்றிரவு நெஞ்சு இறங்கும், அவ்வளவுதான் லாபம். பெயரில்லாத கடிதத்தை விசாரிக்க யாரைக் கூப்பிடுவது? அது பாதரின் கையிலேயே வந்து சேரும், அவர் எழுத்து நடையைப் பார்ப்பார், "இந்தத் தமிழ் டீச்சருடையதுதான்" என்று முடிவு கட்டுவார். நீங்கள் எழுதாவிட்டாலும் பழி உங்களுக்குத்தான். பிறகு கொப்பியும் இல்லை, கூட்டமும் இல்லை. எழுதுவதென்றால் பெயர் போட்டு, கையெழுத்து வைத்து, நடந்ததைத் திகதியோடு எழுதுங்கள். பாதருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவரைப் பற்றிய அபிப்பிராயம் ஒரு சொல்லும் வேண்டாம். நான்கு பேர் கையெழுத்து வைக்கத் தயாராக இல்லையென்றால், குறை எவ்வளவு ஆழம் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. காசு மோசடியோ, பிள்ளைகளிடமோ பெண்களிடமோ தகாத நடத்தையோ என்றால் நான் மேலே சொன்ன படிமுறை எதுவும் பொருந்தாது. பிள்ளைகள் விடயத்தில் நேரே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் அல்லது பொலிஸ், அதே நாளில். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

பெற்றோல் காசைப் பற்றி: கேளுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டாவில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த காலத்திலும் நோயாளிகளிடம் போனவர்கள் எத்தனையோ பேர். அது பெரிய மனது. ஆனால் நீங்கள் கேட்காமல் இருப்பதால், வசதி குறைந்த இன்னொரு தொண்டர் கேட்க வெட்கப்படுகிறார். அதனால்தான் இந்தப் பணிக்கு இளம் ஆட்கள் வருவதில்லை என்பது என் கணிப்பு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். போக்குவரத்துச் செலவை அங்கே ஒரு வரியாகப் போடச் சொல்லுங்கள். எடுக்க விருப்பமில்லாவிட்டால் உங்கள் பங்கை உண்டியலில் போட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால்? அப்போது ஓய்வு எடுங்கள். கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறி, அடுத்த ஞாயிறு பின்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பதை ஓய்வென்று சொல்ல முடியாது. மூன்று மாதம் என்று காலம் சொல்லி, எழுத்தில் கொடுத்து, சிமிழைத் திருப்பி ஒப்படைத்து, பட்டியலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் நற்கருணைப் பிள்ளைகளை நடுவில் விட வேண்டாம், அந்த வகுப்பு முடியட்டும். நோயாளிகளின் வீடுகளுக்கு நீங்களே போய், இனி இன்னார் வருவார் என்று சொல்லுங்கள். அவர்களும் உங்களைப் போல வேறு யார் வாயாலோ கேட்டு அறியக் கூடாது. அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதருக்கு உங்கள் இடம் தெரிய வரலாம், அவருக்கு மாற்றமும் வரலாம், அல்லது வெள்ளிக்கிழமைகளில் பேரப்பிள்ளையோடு இருப்பது உங்களுக்கே பிடித்துப் போகலாம். எது நடந்தாலும் பிழையில்லை.

அந்த அம்மம்மாவின் வீட்டுக்கு நீங்கள் மறுபடி போனீர்களா என்று கடிதத்தில் இல்லை. போகவில்லையென்றால் போய் வாருங்கள், பணியாளராக அல்ல, சும்மா. 31ஆம் நாள் நினைவு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாதாமாதம் வந்த ஆளைச் செத்த வீட்டில் காணவில்லையே என்று அவர்களும் நினைத்திருப்பார்கள். நடந்ததை அவர்களிடம் சொல்லுங்கள். தேத்தண்ணி தருவார்கள், குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக நித்திரை. தவக்காலத்தில் நடந்தது இன்னும் உங்களை எழுப்புகிறது என்றால், பங்குப் பிரச்சினை தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாப்பாடு குறைந்திருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, வகுப்பறையில் பொறுமை போகிறதா என்று கவனியுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக இப்படி இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நேரே போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு முதலில் அழையுங்கள், தமிழில் கதைக்கலாம். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்வதையும் வைத்தியர் கேட்கட்டும்.